பெரட்டுக் களத்தில் ஒரு பச்சைப் புள்ளி

'நம்பிக்கை' என்ற சொல்லை அரசியல்வாதிகள் கெடுத்தது போதாதென்று இப்போது நிறுவனங்களும் அதைக் கையில் எடுத்திருக்கின்றன. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் குழுவை எப்படி வழிநடத்துவது, நேரில் பார்க்காதவர்களிடம் எப்படி நம்பிக்கையை வளர்ப்பது என்று வகுப்பெடுக்கிறார்கள். ஆளுக்கொரு விளையாட்டு, ஆளுக்கொரு சின்ன வயசுப் புகைப்படம், கொஞ்சம் சிரிப்பு. வகுப்பு முடிந்ததும் நம் கணினியில் ஒரு மென்பொருளை ஏற்றச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது நம் திரையைப் படமெடுக்கும். மௌஸ் அசையவில்லை என்றால் சும்மா இருந்தோம் என்று எழுதிக்கொள்ளும். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கின்றன. இதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

இதை எழுதும் நான் பாயா ரும்புட்டில், ஒரு தாமான் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். தாத்தா மலாக்கா மாநிலத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டினார். அம்மா பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறி மாறி நின்றார். என் குழுவில் ஏழு பேர். சென்னையில் மூவர், மணிலாவில் ஒருவர், சிட்னியில் ஒருவர், இங்கே நான். மேலாளர் டொரண்டோவில். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ஒரு விஷயம் மாறவில்லை. எங்கள் வேலையை முடிவு செய்கிறவர் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறார்.

அதனால்தான் 'ரிமோட் டீம்' என்பதைப் புத்தம்புதுச் சவாலாக யாராவது விளக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தூரத்திலிருந்து நடத்தப்படுவது நமக்குப் பழைய கதை. நம்பிக்கை எப்படி வளராது என்பதற்கு இந்த மண்ணில் நூறு வருஷத்துக்கும் மேலான அனுபவம் இருக்கிறது. எப்படி வளரும் என்பதற்கும் இருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: மேலே இருப்பவர் கீழே பார்ப்பதால் நம்பிக்கை வளராது. கீழே இருப்பவர் மேலே பார்க்க முடிந்தால் வளரும்.

கதையைத் தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் ரப்பர் தோட்டம் என்று அதைத்தான் சொல்வார்கள். அடுத்து அவர் புக்கிட் அசஹானில் பெரிதாகத் திறந்த தோட்டம் சில ஆண்டுகளிலேயே லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. 1910இல் வில்லியம் சைம், ஹென்றி டார்பி இருவரும் இதே மலாக்காவில் சைம் டார்பியைத் தொடங்கினார்கள். மற்றவர்களின் தோட்டங்களை நிர்வகித்துக் கொடுப்பது அதன் ஆரம்பகாலத் தொழில். இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு ஏஜென்சி ஹவுஸ் என்று பெயர். பங்குதாரர்கள் இங்கிலாந்தில், இயக்குநர் கூட்டம் லண்டனில், மரமும் மனிதரும் இங்கே. 1871லேயே சிங்கப்பூர்வரை தந்திக் கம்பி வந்துவிட்டதால் லண்டனிலிருந்து உத்தரவு வரக் கப்பலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு சர்வதேச ரிமோட் டீம்.

அந்த டீமில் யார் யாரை நம்பினார்கள்? லண்டன் துரையை நம்பவில்லை. அவர் மாதா மாதம் அறிக்கை எழுத வேண்டும். அது போதாதென்று விசிட்டிங் ஏஜெண்ட் என்று ஒருவர் வருவார். மரப்பட்டை எவ்வளவு செதுக்கப்பட்டிருக்கிறது, ஏக்கருக்கு எத்தனை பவுண்டு, செலவு எங்கே கூடுகிறது என்று பார்த்துத் தனி அறிக்கை அனுப்புவார். துரை கிராணியை நம்பவில்லை, அதற்குச் செக்ரோல். கிராணி மண்டோரை நம்பவில்லை. மண்டோர் வெட்டுக்காரரை நம்பவில்லை, அதற்கு விடியுமுன் பெரட்டு. இருட்டில் வரிசையில் நின்று பேருக்குக் குரல் கொடுத்தால்தான் அன்றைக்கு நீங்கள் ஆள். கடைசியில் நின்ற வெட்டுக்காரர் யாரைச் சோதிக்கலாம்? யாரையும் இல்லை. பால் நிறுக்கும் தராசைக் கேள்வி கேட்டால் அடுத்த நாள் மோசமான நிரை கிடைக்கும் என்று தாத்தா சொல்வார்.

இப்போது நம் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிகிறது. நான் வேலை நேரத்தில் இருக்கிறேன் என்பதற்கு அதுதான் சாட்சி. பெரட்டு என்ற சொல் இளம் வாசகர்கள் பலருக்குப் பரிச்சயமில்லாமல் இருக்கலாம். இந்தப் புள்ளிதான் அது.

இதற்கெல்லாம் காரணம் தூரமும் அந்நியரும்தான் என்று யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்கு 1981ஐ ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில், நான்கு மணி நேரத்துக்குள், பெர்மோடாலான் நேஷனல் கத்ரி நிறுவனத்தைக் கைப்பற்றியது. பெரிய தோட்டங்களின் உரிமை கடல் தாண்டி நாட்டுக்குள் வந்தது. அது வரலாற்றுச் சம்பவம், சந்தேகமில்லை. ஆனால் பெரட்டு அப்படியே இருந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. முதலாளி பக்கத்தில் வந்துவிட்டார், பார்வையின் திசை மாறவில்லை. ஆக, தூரம் நம்பிக்கையைக் கொல்வதில்லை. ஒருபக்கப் பார்வைதான் கொல்கிறது.

இனி கங்காணி. அவரை நாம் கொடுமைக்காரராகவே எழுதிப் பழகிவிட்டோம். முறுக்கு மீசை, அதட்டல், அடி. அது பொய்யில்லை. ஆனால் அடி அவருடைய இரண்டாவது ஆயுதம், முதல் ஆயுதம் உறவு. அனுமதிப் பத்திரத்தோடு தன் சொந்த ஊருக்கே போய், தனக்குத் தெரிந்தவர்களை, பல சமயம் தன் சாதிசனத்தையே கூட்டிக்கொண்டு வருவார். அவர் மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர். புது நாட்டில் தெரிந்த ஒரே முகம். அந்த முகத்துக்கு ஒரு கணக்கும் இருந்தது. தன்கீழ் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் தினமும் அவருக்குத் தலைக்காசு உண்டு. 'காய்ச்சலா இருந்தாலும் எந்திரிச்சு வா மாப்ள' என்று அவர் சொன்னபோது அதில் பாசம் எவ்வளவு, காசு எவ்வளவு என்று எழுந்து வந்தவருக்குத் தெரியாது. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவி பெற்றுப் போகும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்ததோடு அந்த முறை முடிந்தது என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

முடிந்ததா? எங்கள் சென்னை டீம் லீட் நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பார். அம்மா உடம்பு எப்படி என்று கேட்பார். ராத்திரி பதினொன்றுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்து, "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா, நாமெல்லாம் ஒரே ஃபேமிலி" என்பார். "சரிண்ணே" என்பேன். ஒருநாள் பேச்சுவாக்கில் அவரே சொன்னார், குழுவின் பதிவான மணிநேரத்தை வைத்துத்தான் அவருடைய போனஸ் கணக்கிடப்படுகிறதாம். அவர் அதை ரகசியமாக வைத்திருக்கவில்லை. அதில் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாசத்துக்கு யாரோ விலைப்பட்டியல் போட்டிருக்கிறார்கள் என்கிறேன். கணக்கை மறைத்துக்கொண்டு 'குடும்பம்' என்று பேசும் இடத்தில் நம்பிக்கை வளராது, கடன்தான் வளரும்.

அடுத்து மௌனம். தொலைவிலிருந்து நடக்கும் வேலையில் மிகப் பெரிய அதிகாரம் மௌனத்துக்குத்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எப்படி இடி இடிக்கும் என்று மலாக்காக்காரர்களுக்குத் தெரியும். ஒருநாள் அப்படி மின்சாரம் போய் நாற்பது நிமிடம் என் புள்ளி அணைந்திருந்தது. மறுநாள் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். மின்வெட்டுக்கு ஆதாரம் உண்டா என்றும் கேட்டார்கள். அதே மாதம் நான் அனுப்பிய ஒரு முக்கியமான கேள்விக்கு டொரண்டோவிலிருந்து ஒன்பது நாள் பதில் இல்லை. வேலை நின்றது. பத்தாம் நாள் "ஏன் தாமதம்?" என்று வந்தது. என் நாற்பது நிமிடம் சந்தேகம், அவர் ஒன்பது நாள் 'பிஸி'. இந்த வித்தியாசத்தை எந்த நம்பிக்கை விளையாட்டும் சரிக்கட்டாது.

இது என் தனிப்பட்ட புலம்பல் இல்லை. 1990களின் இறுதியில் சிர்க்கா யார்வென்பாவும் டோரத்தி லெய்ட்னரும், பல நாட்டு மாணவர்களைக் குழுக்களாக்கி, மின்னஞ்சல் வழியாக மட்டும் வேலை செய்ய வைத்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர்களிடையேகூட நம்பிக்கை சட்டென்று பிறக்கிறது, ஆனால் அது கண்ணாடிப் பாத்திரம்போல என்பது அவர்கள் கண்டது. கடைசிவரை நம்பிக்கையைக் காப்பாற்றிய குழுக்களில் பதில் சீராக வந்தது, எப்போது வரும் என்று தெரிந்தது, வந்த பதிலில் விஷயம் இருந்தது. சொன்ன நேரத்தில் ஒரு பதில், அவ்வளவுதான். அதற்கு மென்பொருள் வேண்டாம்.

வகுப்புகளில் இன்னொன்றும் சொல்லித்தருவார்கள், 'கலாச்சார வேறுபாடு'. எரின் மேயரின் 'தி கல்ச்சர் மேப்' 2014இல் வந்ததிலிருந்து இந்த வகுப்புகளின் வேதம் அதுதான். நாடுகளை அளவுகோலில் அடுக்கி, இவர்கள் நேரடியாகப் பேசுவார்கள், அவர்கள் சுற்றி வளைப்பார்கள் என்று காட்டும். இதைப் படித்துவிட்டு என்னிடம் ஒருவர், "உங்கள் ஆட்கள் முடியாது என்று சொல்லவே மாட்டார்களாமே" என்றார். நாங்கள் 'பாக்கலாம்' என்றால் அது பெரும்பாலும் முடியாது என்றுதான் அர்த்தம். ஆனால் அது எங்கள் ரத்தத்தில் ஊறிய குணமா? பாயா ரும்புட் சாப்பாட்டுக் கடையில் வந்து உட்கார்ந்து பாருங்கள். தேதாரிக்கில் சீனி கூடிப்போனால் எங்கள் ஆட்கள் எவ்வளவு நேரடியாகப் பேசுவார்கள் என்று தெரியும். 'முடியாது' என்று சொன்னவருக்கு மோசமான நிரை கிடைத்ததை மூன்று தலைமுறை பார்த்திருக்கிறது. 'பாக்கலாம்' என்பது அதிலிருந்து பிறந்த தற்காப்பு. பயத்துக்குக் கலாச்சாரம் என்று பெயர் வைத்தால் அந்தப் பயத்தை உண்டாக்கியவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை, அதுதான் வசதி.

நேரமும் இதே கதைதான். மேலாளருக்குக் காலை பத்து மணி என்றால் எனக்கு இரவு பத்து. நவம்பரில் அவர்கள் ஊரில் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் எனக்குப் பதினொன்று. வருஷத்துக்கு இரண்டு முறை என் தூக்க நேரத்தை ஒரு கனடாச் சட்டம் மாற்றுகிறது, யாரும் கேட்பதில்லை. சிட்னித் தோழிக்கு ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே வரும் நியாயமற்ற அழைப்பை அவள் எடுக்காமல் விடலாம். மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லித் தொழிலாளர் விண்ணப்பிக்கலாம், முதலாளி அறுபது நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். நல்ல சட்டம். ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிருந்து வேலை செய்யும் என்னைப் போன்ற பலர் அவர்கள் கணக்கில் தொழிலாளரே இல்லை, 'கான்ட்ராக்டர்'. இபிஎஃப் இல்லை, சொக்சோ இல்லை. ஒரே குழு, ஒரே கூட்டம், ஒரே 'ஃபேமிலி'. ஒருத்திக்குப் போனை அணைக்க உரிமை, இன்னொருத்திக்கு அணைத்தால் விளக்கக் கடிதம். வழிநடத்துகிறவர் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

சரி, வேறு மாதிரி நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது, நம்மிடமே.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு கிளம்பியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது, 1960இல், வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளி பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். ஒருவரையொருவர் பார்த்தே இராத தோட்டத்து மக்கள், தாங்கள் பார்க்கவே போகாத நிலத்துக்காகத் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. எந்த தைரியத்தில் கொடுத்தார்கள்? அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாக அவர்களிடம் போய் நின்று கேட்டார். கொடுத்தவர் வெறும் நன்கொடையாளர் ஆகவில்லை, பங்குள்ள உறுப்பினர் ஆனார். உறுப்பினர் கணக்குக் கேட்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாக வெட்டுக்காரர் மேலே பார்த்துக் கேள்வி கேட்க ஓர் ஏற்பாடு. அந்தச் சங்கத்தின் பிற்காலத்தைப் பற்றி யாருக்கும் எந்த விமர்சனமும் இருக்கலாம். அதன் தொடக்கத்தில் இருந்த அந்தத் திசைமாற்றம் என் வாதத்துக்குப் போதும்.

இன்னொன்று நம் இலக்கிய உலகத்திலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்நின்றார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், வேறொரு நாட்டிலிருந்தவர்கள் பிழை திருத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. யூனிகோடு பரவாத காலம், எழுத்துருவே தகராறு. அங்கே எப்படி நம்பிக்கை வந்தது? நூலைத் திறந்தால் தலைப்பிலேயே இருக்கும், தட்டெழுதியவர் பெயர், பிழை பார்த்தவர் பெயர். செய்தவர் பெயரோடு வேலை பொதுவில் நிற்கும். தவறு இருந்தால் எவரும் சொல்லலாம். எத்தனை மணிக்கு உட்கார்ந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. தமிழ் விக்கிப்பீடியாவிலும் இதே அடிப்படைதான். பக்கத்தின் வரலாறு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. நேற்று வந்தவரின் திருத்தமும் நிர்வாகியின் திருத்தமும் ஒரே பட்டியலில் பதிவாகின்றன. அங்கேயும் கண்காணிப்பு உண்டு. ஆனால் அது எல்லாத் திசையிலும் போகிறது.

'அது தொண்டு, இது சம்பள வேலை, ஏமாற்றுகிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏமாற்றுகிறவர் உண்டு. மௌஸை ஆட்டிக்கொண்டே இருக்க ஒரு சின்னக் கருவி விற்கிறது, அதை வாங்கிப் பச்சைப் புள்ளியை எரியவிட்டுத் தூங்குகிறவரும் உண்டு. இருப்பைக் கணக்கெடுத்தால் இருப்பைத்தான் நடிப்பார்கள். வேலையைக் கேட்டால் வேலையைக் காட்ட வேண்டியிருக்கும். என்ன முடிக்க வேண்டும், எப்போது, எந்தத் தரத்தில் என்று எழுதிவைக்கத் தெரியாத தலைவருக்குத்தான் பெரட்டு தேவைப்படுகிறது.

ஆகவே தலைமைக்கு என் கோரிக்கைகள் எளியவை. இரவுக் கூட்டத்தை முறைவைத்து மாற்றுங்கள். ஒரு மாதம் நான் விழிக்கிறேன், ஒரு மாதம் நீங்கள் விழியுங்கள். முடிவு எடுத்தால் காரணத்தை எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுதுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் எப்போது சொல்வீர்கள் என்று சொல்லுங்கள். உங்கள் போனஸ் எதைப் பொறுத்தது என்பதைக் குழுவுக்குத் தெரிவியுங்கள். திரையைப் படமெடுக்கும் மென்பொருள் அவ்வளவு நல்லது என்றால் முதலில் உங்கள் கணினியில் ஏற்றி, படங்களை எங்களுக்கு அனுப்புங்கள். இந்தக் கடைசி வரியைப் படித்ததும் உங்களுக்கு எரிச்சல் வந்தால், அந்த எரிச்சலோடுதான் நாங்கள் தினமும் வேலை பார்க்கிறோம்.

இலக்கிய வாசகர்களிடம் இதை ஏன் சொல்கிறேன்? இதைப் படிக்கும் உங்களில் பலர் பகலில் இப்படியொரு குழுவில் வேலை பார்த்துவிட்டு இரவில் கவிதை எழுதுகிறவர்கள். சிலர் ஏற்கெனவே டீம் லீட். இன்னொன்று, நம் இணைய இதழ்களும் ரிமோட் டீம்கள்தான். ஆசிரியர் ஒரு நாட்டில், பிழை பார்ப்பவர் இன்னொரு நாட்டில், எழுதுகிறவர் வேறெங்கோ. கதையை அனுப்பிவிட்டு நான்கு மாதம் காத்திருந்தால் அது 'பரிசீலனை'. எழுதுகிறவர் நான்கு நாள் தாமதித்தால் 'பொறுப்பின்மை'. அங்கேயும் மௌனம் மேலேயிருந்து கீழேதான் வழிகிறது. முதலாளித்துவத்தைத் திட்டிக் கட்டுரை போடும் இதழ், வந்த படைப்புக்கு ஒரு வரி பதில் போடலாம்.

நம் தோட்டப்புறக் கதைகளில் நான் படித்தவரை கங்காணி வருகிறார், கிராணி வருகிறார், துரை வருகிறார். லண்டன் அறையில் உட்கார்ந்திருந்தவர் வருவதில்லை. வெட்டுக்காரரால் பார்க்க முடியாதவரை அவருடைய பேரப்பிள்ளைகள் எழுதுவது எப்படி? இன்று அந்த அறை நம் திரையிலேயே திறக்கிறது, பல சமயம் கேமராவை அணைத்துவிட்டு. 'நம்ம ஆளு' ஒருவர் பதவி உயர்ந்து அந்தப் பக்கம் போகும்போது நாம் கைதட்டுகிறோம். தட்டுவோம், தப்பில்லை. கூடவே ஒன்று கேட்டுவிடுவோம்: "அண்ணே, உங்க தலைக்காசு எவ்வளவு?" அதற்கு நேராகப் பதில் சொல்கிற முதல் ஆளை நான் நம்பத் தயார்.